துளை போடும் உரிமை

இரும்பில் ஒரு துளை போட ஒரு நிமிடம் போதும். டிரில்லின் முனையை வைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நிதானமாக அழுத்தினால் சுருள் சுருளாக இரும்புச் சீவல் வெளியே வரும். அழுத்தம் சட்டென்று குறையும்போது துளை விழுந்துவிட்டது என்று கைக்குத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. வெல்டிங் வைத்து அடைக்கலாம், தேய்த்துச் சாயம் பூசலாம். அங்கே ஒரு துளை இருந்தது என்பதை மட்டும் அழிக்க முடியாது.

நமக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பொருளில் அப்படி ஒரு துளையைப் போட நமக்கு உரிமை இருக்கிறதா? கேள்வி பெரியது. அதை எனக்குக் கொண்டுவந்த பொருள் சின்னது, ஒரு தோட்ட டிராக்டர்.

தோட்டம் என்றதும் நமக்குப் பால்மரமும் செம்பனையும்தான் நினைவுக்கு வரும். இது அந்தத் தோட்டமில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க நகரங்களின் விளிம்பில் அப்படிப்பட்ட வீடுகள் பெருகின. புல் வெட்ட, காய்கறிப் பாத்தி உழ, குளிர்காலத்தில் வாசலில் குவியும் பனியைத் தள்ள ஒரு வண்டி தேவைப்பட்டது. வயலில் ஓடும் டிராக்டர் அதற்குப் பெரிது, புல்வெட்டி போதாது. அந்த இடைவெளியில் பிறந்த வண்டிதான் தோட்ட டிராக்டர். ஆள் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கைத் தொடும் அளவுக்குச் சிறியது. ஆனால் கியர், கிளட்ச், கனமான இரும்புச் சட்டம் என்று பெரிய டிராக்டருக்கு இருப்பதெல்லாம் அதற்கும் உண்டு.

இந்தியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரில் 1946-இல் எல்மர் பாண்டும் அவர் மகன் செசில் பாண்டும் தொடங்கிய வீல் ஹார்ஸ் என்ற நிறுவனம் இந்த வண்டிகளுக்குப் பேர் போனது. சிவப்புச் சாயம் அதன் அடையாளம். 1974-இல் அது அமெரிக்கன் மோட்டார்ஸிடம் போனது, 1986-இல் டோரோவிடம். அதே ஊரில் கார் செய்துகொண்டிருந்த ஸ்டுடிபேக்கர் 1963 டிசம்பரிலேயே அங்கே உற்பத்தியை நிறுத்தியிருந்தது. வேலை போன ஊர்களில் பழைய பொருள்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 'இது இங்க செஞ்சது' என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். அந்த ஊரில் நான் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். அந்தக் குரலை அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

*

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்து நான்கு வயது. அவரிடம் இருந்த வீல் ஹார்ஸ் அவருடைய அப்பா 1960-களின் நடுவில் புதிதாக வாங்கியது. எட்டுக் குதிரைசக்தி கோலர் எஞ்சின். சிவப்பு வெளுத்து செங்கல் நிறமாகியிருந்தது. வலது பக்கத்தில் ஒரு நீண்ட கைநெம்பு. அதைப் பின்னால் இழுத்தால் சட்டத்துக்குக் கீழே ஒரு குறுக்குத் தண்டு திரும்பும். அதில் மாட்டியிருக்கும் புல்வெட்டியோ, முன்பக்கப் பனித்தகடோ, பின்பக்கக் கலப்பையோ மேலே எழும்பும். நெம்பைப் பூட்டிலிருந்து விடுவித்தால் கீழே இறங்கும்.

பின்னால் மாட்டுவது பத்து அங்குலக் கலப்பை. கொக்கியோடு சேர்த்துச் சுமார் 30 கிலோ. ஒரு சாலின் முடிவில் அதைத் தூக்கவேண்டும், வண்டியைத் திருப்பவேண்டும், மறுபடி இறக்கவேண்டும். சின்னப் பாத்திதான், ஆனாலும் ஒரு காலையில் ஐம்பது அறுபது முறை தூக்கவேண்டியிருக்கும். பெரியவருக்குத் தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. முந்தின வசந்தத்தில் பாதி உழுதுவிட்டு வண்டியைக் கொட்டகையில் விட்டவர், மீதியை உழவில்லை. அந்த ஆண்டு உருளைக்கிழங்கு பாதிப் பாத்திதான்.

அதனால் வண்டிக்குப் பின்பக்கத் தூக்கி ஒன்றைப் பொருத்த அவர் முடிவு செய்தார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு மோட்டார் திருகைச் சுற்றும், திருகு ஒரு தண்டை நீட்டும் அல்லது இழுக்கும். கைக்குப் பதில் ஒரு சுவிட்ச். மின்சாரத்தின் திசையை மாற்றினால் ஏறும், மாற்றினால் இறங்கும். இதைப் பொருத்தத்தான் சட்டத்தில் துளை போடவேண்டியிருந்தது.

வார இறுதிகளில் இண்டியானாபோலிஸிலிருந்து வரும் மகனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் விலை பற்றிப் பேசியிருந்தால் எனக்கு இதை எழுதும் எண்ணமே வந்திருக்காது. சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழக்கு உண்டு. ஒரு பொருள் ஒரே ஒரு முறைதான் அசலாக இருக்க முடியும் என்பார்கள். அதில் பாதி சந்தைக்கணக்கு. மகன் சொன்னது அதுவல்ல. கைநெம்பின் பிடியைக் காட்டினான். ரப்பர் உறை என்றோ போய்விட்டிருந்தது. இரும்பு மழமழவென்று, விரல்கள் படியும் இடத்தில் மட்டும் வெள்ளியாக மின்னியது.

"தாத்தா கை இங்கதான் இருக்கு. நீங்க சுவிட்ச் வெச்சிட்டா இத யாரும் தொடமாட்டாங்க. ஒரு வருஷத்துல துரு பிடிச்சிடும்" என்றான்.

பெரியவர் சிரித்தார். "எனக்குத் தோள்தான் போச்சு. உழணும்கிற ஆச போகல. தாத்தா கை நெம்புல இருக்கட்டும், தாத்தா பாத்தி புல்லாப் போகட்டும்ங்கிறியா?"

இருவர் பேசியதும் ஆங்கிலம்தான். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது.

*

என் மனம் முதலில் மகன் பக்கமே சாய்ந்தது. அதற்குக் காரணம் இந்தியானாவில் இல்லை, இங்கே இருக்கிறது.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் கையாண்ட பொருள் எதுவும் நம் வீட்டில் இல்லை. பால் வெட்டும் கத்தி, மங்கு, வாளி, காண்டா எல்லாம் தோட்டம் விற்கப்பட்டபோதும் லயம் இடிக்கப்பட்டபோதும் எங்கோ போய்விட்டன. தேய்ந்த பிடி ஒன்றைத் தொட்டு, 'இது அவர் கை' என்று சொல்லும் வாய்ப்பே நமக்குப் பெரும்பாலும் கிடைத்ததில்லை. அப்படி வந்த ஒருவனுக்கு, அறுபது வருடமாக ஒரே கொட்டகையில் நிற்கும் ஒரு டிராக்டர் கோயில் மாதிரி தெரியும். அதில் டிரில்லை வைக்கிறார்கள் என்றால் வயிற்றைப் பிசையும்.

மகன் பேசியது எவ்வளவு பழைய வாதம் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. ஜான் ரஸ்கின் 1849-இல் கட்டடக்கலை பற்றி எழுதிய நூலில், பழைய கட்டடத்தை 'மீட்டெடுப்பது' என்பதே பொய், உண்மையில் அது அழிப்பு என்று வாதிட்டார். செதுக்கியவனின் கையும் கண்ணும் போனபின் அதே கல்லை மறுபடி செதுக்கிப் பழசு என்று சொல்வது ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. அவருடைய இன்னொரு வாதம் இன்னும் கனமானது. பழைய கட்டடங்கள் நமக்குச் சொந்தமல்ல. பாதி அவற்றைக் கட்டியவர்களுக்குச் சொந்தம், பாதி நமக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கு. நடுவில் நிற்கும் நாம் கைவைக்க உரிமை இல்லாதவர்கள்.

இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. இன்று சாம்ராணி போட்டுக் கும்பிடுகிறவன்தான் நாளை, 'நம்ம கோயில்தானே' என்று தகரக் கூரையும் பலகையுமாக நின்ற தோட்டத்துக் கோயிலை இடித்து காங்கிரீட்டில் கட்டுகிறான். அன்பு இருக்கிறது என்பது துளை போடும் உரிமையைத் தந்துவிடாது. அன்புள்ளவர்கள்தான் அதிகம் இடித்திருக்கிறார்கள்.

அந்த வாரம் ஊருக்குப் போன் செய்தபோது இதை மாமாவிடம் சொன்னேன். மாமா கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் டிராக்டர் ஓட்டியவர். குலை ஏற்றிய டிரெய்லரை மழைக்காலச் சேற்றில் இழுத்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"டேய், வண்டிய நிப்பாட்டி வெச்சிப் பாத்துக்கிட்டே இருக்கிறது பாசம் இல்லடா. அது பயம். நான் ஓட்டுன வண்டியில அசலா என்னா இருந்திச்சி? போர்மேன் வருவான், ஒன்னக் கழட்டுவான், ஒன்ன மாட்டுவான். மூனு எஞ்சின் மாத்துனோம். ஆனா அது என் வண்டிதான்."

"கடைசியில அந்த வண்டி எங்க மாமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுட்டானுங்க. நான் அன்னிக்கு வேலைக்குப் போகல."

போய்ப் பார்க்க மனமில்லாமல்தான் அன்றைக்கு அவர் லீவு போட்டிருக்கிறார். அசல் என்று எதுவும் இல்லை என்று சொன்ன அதே மனிதர்தான். மாமாவின் முதல் பதிலும் சரி, இரண்டாவது பதிலும் சரி. என் சிக்கலும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

*

தூக்கியின் பக்கம் என்ன நியாயம் இருக்கிறது? அது சோம்பேறிகளுக்கான வசதி என்று நினைப்பது எளிது. அதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

தொடக்ககால டிராக்டர்கள் கலப்பையை மாடு இழுப்பது மாதிரிதான் இழுத்தன. பின்னால் ஒரு கொக்கி, அதில் ஒரு கலப்பை. மாடு கல்லில் முட்டினால் நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கிக்கொள்ள, எஞ்சின் தொடர்ந்து சக்கரத்தைத் திருக, சுழல முடியாத சக்கரத்தைச் சுற்றி வண்டியே சுழலத் தொடங்கும். முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும், ஓட்டுநர் அடியில் கிடப்பார். ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இந்தக் கெட்ட பெயர் உண்டு. இப்படிப் பல உழவர்கள் இறந்தார்கள்.

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் 1917 முதல் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார். 1926-இல் காப்புரிமை பெற்ற அவரது முறையில் கலப்பை டிராக்டரின் பின்னால் வரும் தனிப்பொருள் அல்ல, அதன் உடம்பில் ஒரு பகுதி. கீழே இரண்டு கரங்கள் இழுக்கும். மேலே ஒரு கரம் வண்டியை முன்னோக்கித் தள்ளும். எந்த விசை முன்பு வண்டியைக் கவிழ்த்ததோ, அதே விசை இப்போது முன்சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடித்தது. ஹைட்ராலிக் முறையில் ஓட்டுநர் ஒரு விரலால் கலப்பையைத் தூக்கலாம், இறக்கலாம். 1939-இல் ஃபோர்டு 9என் வண்டியிலும், 1946 முதல் அவருடைய சொந்தச் சாம்பல்நிற டிஇ20 வண்டியிலும் இது வந்தது. அந்தச் சாம்பல்நிற வண்டி மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இன்று உலகின் எந்த மூலையில் டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் இருப்பது அந்த மூன்று கரங்கள்தான். தோட்ட டிராக்டரின் சின்னத் தூக்கி அதன் தூரத்துச் சொந்தம். அத்தனை கரங்கள் கிடையாது, ஒற்றை முள்ளில் மாட்டும் கொக்கிதான். ஆனால் எண்ணம் அதேதான். சுமையைத் தூக்கும் வேலையை உடம்பிலிருந்து வாங்கிக்கொள்வது.

சரி, உடம்பிலிருந்து வாங்கிக்கொண்டால் உடம்பு எதை இழக்கிறது? இந்தக் கேள்வியை மிக நேராகக் கேட்டவர்கள் சீனர்கள். சுவாங் ட்சுவின் பெயரில் வழங்கும் நூலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கதை வருகிறது. கன்ஃபூசியஸின் சீடர் ஒருவர் வழியில் ஒரு கிழவரைப் பார்க்கிறார். கிழவர் கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு வந்து காய்கறிப் பாத்திக்கு ஊற்றுகிறார். உழைப்பு அதிகம், பலன் கொஞ்சம். பின்பக்கம் கனமாகவும் முன்பக்கம் லேசாகவும் மரத்தில் ஒரு பொறி செய்யலாமே, ஒரு நாளில் நூறு பாத்திக்குப் பாய்ச்சலாமே என்கிறார் சீடர். கிழவருக்குக் கோபம். அவர் சொல்லும் பதிலின் சாரம் இது: பொறி வந்தால் பொறிக்கான வேலை வரும், பொறிக்கான வேலை வந்தால் பொறியின் மனம் வரும், அந்த மனம் வந்தபின் உள்ளே தெளிவு தங்காது. எனக்கு அது தெரியாமல் இல்லை, செய்ய வெட்கப்படுகிறேன்.

கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நூலில் கதை தொடர்கிறது. சீடர் திரும்பிப்போய்ச் சொன்னதும் கன்ஃபூசியஸ், அந்தக் கிழவர் உள்ளே இருப்பதைக் கவனிக்கிறார், வெளியே இருப்பதைக் கவனிக்கவில்லை. ஒன்று தெரிகிறது, இரண்டாவது தெரியவில்லை என்கிறார். பாத்திக்குத் தண்ணீர் வேண்டும் என்பதுதான் அந்த இரண்டாவது என்று நான் படித்துக்கொள்கிறேன்.

சீடர் சொன்ன அந்தப் பொறிக்குத் தமிழில் ஏற்றம் என்று பெயர். நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் கனம். அந்த மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து தன் எடையையே கனமாக்கித் தண்ணீர் இறைப்பதும் உண்டு. பொறியின் மனம் வந்தால் உள்ளே எதுவும் தங்காது என்றார் கிழவர். ஆனால் ஏற்றத்தோடு வந்தது ஏற்றப்பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணுவதற்காகவே பாடினார்கள். பொறி பாட்டைக் கொல்லவில்லை, பிறப்பித்தது. பம்புசெட் வந்தபோதுதான் பாட்டு நின்றது. அப்படியென்றால் பொறி என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. ஆளைச் சேர்த்துக்கொண்டு தூக்கும் பொறி ஒன்று, ஆளை அனுப்பிவிட்டுத் தூக்கும் பொறி இன்னொன்று.

*

இந்த வேறுபாடு வெறும் தத்துவம் இல்லை என்பதை எனக்குக் காட்டியது ஒரு சங்கிலித் துண்டு.

ஆக்சுவேட்டருக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே இருக்கும் திருகு, மின்சாரம் நின்ற இடத்தில் அப்படியே பூட்டிக்கொள்ளும். மேலேயும் விடாது, கீழேயும் விடாது. அதை இரும்புத் தண்டால் நேராகக் கலப்பையோடு இணைத்தால் கலப்பையை அது தூக்க மட்டும் செய்யாது, பிடித்து அழுத்தவும் செய்யும். முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் பின்னால் கலப்பை தேவையில்லாமல் ஆழம் போகும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கலப்பை மண்ணை விட்டு எழும்பும். வண்டியின் குலுக்கல் எல்லாம் மண்ணில் எழுதப்படும்.

பழைய கைநெம்பில் இந்தத் தொந்தரவு இல்லை. பூட்டை விட்டதும் கலப்பை சுதந்திரம். தன் எடையால் இறங்கும், கொழு மண்ணைப் பிடித்துத் தன் ஆழத்தைத் தானே தேடிக்கொள்ளும். இதற்கு மிதப்பு என்று பெயர். அறுபது வருடத்துக்கு முன்னால் அந்த நெம்பைச் செய்தவர்கள், எப்போது பிடிக்கவேண்டும் என்பதோடு எப்போது விடவேண்டும் என்பதையும் யோசித்திருந்தார்கள்.

பெரியவர் செய்தது எளியது. இணைக்கும் தண்டுக்குப் பதில் ஒரு முழ நீளச் சங்கிலி. சங்கிலியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. ஆக்சுவேட்டர் மேலே போனால் கலப்பை எழும்பும். கீழே வந்தால் சங்கிலி தொய்ந்து கலப்பை தன் பாட்டுக்கு மண்ணில் போகும். உதவி தூக்கும் இடத்தில் தூக்கிவிட்டு, மற்ற இடத்தில் வழிவிடுகிறது.

அதைப் பார்த்தபோது வீட்டில் வயதானவர்களுக்கு நாம் செய்யும் உதவிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. படியேறும்போது கையைப் பிடிப்பது சங்கிலி. 'நீங்க ஒக்காருங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்' என்பது இரும்புத் தண்டு. அது அன்பாகத்தான் இருக்கும், ஆனால் அழுத்தும். பெரியவரின் மகன் அவரிடம் ஒருமுறை, ஆள் வைத்து உழுதுவிடலாம், நான் பணம் தருகிறேன் என்றிருக்கிறான். நல்ல மனசு. ஆனால் அப்பாவைப் பாத்தியிலிருந்து அனுப்பிவிடும் ஏற்பாடு அது. பம்புசெட் மாதிரி.

துளை விஷயத்தில் பெரியவர் அவசரப்படவில்லை. முதலில் சட்டத்தில் ஏற்கனவே இருந்த துளைகளை எண்ணினார். பின்பக்கக் கருவிகளுக்காகத் தொழிற்சாலையே சில துளைகளை விட்டிருந்தது. அவற்றை வைத்தே தாங்குதகடு ஒன்றை வெட்டினார். அப்படியும் இரண்டு துளை குறைந்தது. இதற்கிடையில் இருக்கைக்கு அடியில் சேறும் கிரீஸும் சுரண்டியபோது, தொழிற்சாலை போடாத வேறு இரண்டு துளைகள் தெரிந்தன. ஓரம் சரியாக வழிக்கப்படாமல், ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தன. தாத்தா போட்டவை. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

"பாத்தியா, அவரே போட்டிருக்கார்" என்றார் பெரியவர்.

"அது அவர் வண்டி. வாங்கினவர் அவர்" என்றான் மகன்.

"அவருக்கப்புறம் நாப்பது வருஷமா ஓட்டினவன் நான்."

மகன் பதில் சொல்லவில்லை. அவன் ஒத்துக்கொண்டதாக நான் நினைக்கவில்லை.

பெரியவர் இரண்டு துளைகளையும் போட்டார். வெல்டிங் வைக்கவில்லை. வைத்திருந்தால் வேலை பாதி நேரத்தில் முடிந்திருக்கும். எல்லாமே போல்ட். குறுக்குத் தண்டையும் ஆக்சுவேட்டரையும் இணைக்கும் இடத்தில், கையால் உருவக்கூடிய ஒரு பின். அதை உருவினால் பழைய கைநெம்பு பழையபடி வேலை செய்யும். புதிய தகடுகளுக்குச் சிவப்புச் சாயம் அடிக்கவில்லை, துரு பிடிக்காமல் இருக்கச் சாம்பல்நிறப் பூச்சோடு விட்டார். ஏன் என்று கேட்டேன். "எது அப்பாது, எது என்னுதுன்னு தெரியணும்ல" என்றார்.

அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தொன்மையான கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964-இல் வெனிஸில் கூடிய நிபுணர்கள் எழுதிய சாசனம் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது. இல்லாமல் போன பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு பொருந்தவேண்டும். அதே நேரத்தில் அசலிலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்கவேண்டும், பொய் சாட்சி ஆகிவிடக்கூடாது. ரஸ்கினின் கோபத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்த நிதானமான பதிலாக அதை வாசிக்கலாம். கை வைக்கவே கூடாது என்பதில்லை. வைத்த கை தெரியவேண்டும்.

*

நம் மரபு ரஸ்கினுடையது அல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்து, கோபுரத்துக்குப் புதுச் சாயம் பூசி, பழுதைச் சரிசெய்து, தெய்வத்தை மறுபடி எழுந்தருளச் செய்வதுதான் நம் வழக்கம். புழங்குவதால்தான் அது கோயில். புழக்கம் நின்றால் தொல்பொருள். இந்தப் பார்வையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பெரியவரும் மாமாவும் இந்தப் பக்கம்தான். ஒரு பொருளுக்குக் காட்டும் விசுவாசம் அது இன்று இருக்கும் நிலைக்கு அல்ல, அது செய்ய வந்த வேலைக்கு. உழுவதற்கு வந்த வண்டியை உழ விடாமல் காப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் இந்தப் பார்வைக்கு ஒரு ஆபத்தும் உண்டு. வேலை தொடர்கிறது என்ற சாக்கில் முன்னால் இருந்தவரின் தடம் முழுக்க அழியலாம். புதுக்கோயிலில் நன்கொடையாளர் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் பலகை அடித்துக் கூரை போட்ட தோட்டத்துச் சனங்களின் ஒரு பலகைகூட இருக்காது. இலக்கியத்திலும் இப்படிச் செய்கிறோம். முன்னோடிகளை ஒன்று தொடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம், இல்லையென்றால் அவர்கள் இருந்ததே தெரியாதபடி பூசிவிட்டு மேலே கட்டுகிறோம். அவர்களை எடுத்து உழுது, எங்கே அவர்கள் முடிந்து எங்கே நாம் தொடங்குகிறோம் என்பதைச் சாம்பல்நிறத்தில் விட்டுவைப்பது அபூர்வம்.

ஆகவே துளை போடும் உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். அது சொந்தக்காரனின் உரிமை அல்ல, வாடகைக்கு இருப்பவனின் உரிமை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாம், சுவரை இடிக்கக்கூடாது. நமக்கு அடுத்து வருகிறவர் நாம் செய்ததைப் பார்த்தால் அது நாம் செய்தது என்று தெரியவேண்டும், வேண்டாம் என்று நினைத்தால் கழற்ற முடியவேண்டும். அவருக்கும் சேர்த்து நாமே முடிவு செய்துவிடக்கூடாது. வெல்டிங் வைப்பது அப்படி முடிவு செய்வது. பின்னை உருவும்படி வைப்பது முடிவை அவரிடம் விடுவது.

இப்படிச் சொல்லியும் அந்த இரண்டு துளைகள் மிச்சம் இருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றினாலும் அவை இருக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் திரும்ப எடுக்க முடியாத ஏதோ ஒன்றைச் செய்யாமல் எந்தப் பொருளையும் நாம் புழங்க முடியாது. மகனின் வருத்தம் நியாயமானது. அது தீர்ந்துவிடவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. துளை போடுகிறவர் பக்கத்தில், போடவேண்டாம் என்று சொல்ல ஒருவர் இருப்பது நல்லது. அவர் இருந்ததால்தான் பெரியவர் முதலில் இருக்கிற துளைகளை எண்ணினார், எட்டு போடவேண்டிய இடத்தில் இரண்டு போட்டார்.

நம் தோட்டங்கள் போனபோது அப்படிச் சொல்ல ஆள் இருந்தார்களா என்று யோசிக்கிறேன். இருந்திருப்பார்கள். மாமா மாதிரி, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.